ஆறு பேர் படுக்கும் வேன்

டிப்போவில் அவளை எல்லாரும் ரிவர்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மெக்கானிக் விளையாட்டாக வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. வண்டியைப் பின்னால் எடுப்பதில் கெட்டிக்காரி போலிருக்கிறது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதிலும் அவள் கெட்டிக்காரிதான். ஆனால் பெயருக்குக் காரணம் அதுவல்ல.

அவளுடைய கம்பெனி கேம்பர் வேன்களை வாடகைக்கு விடுகிறது. உள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் என்று சகலமும் வைத்த வண்டிகள். விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் நகரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு, கடலோரமாகவே போய், காட்டுக்குள் நுழைந்து, மலையேறி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரில் கம்பெனியின் கிளையில் வண்டியை விட்டுவிட்டு விமானத்தில் வீடு திரும்பிவிடுவார்கள். அங்கே சேர்ந்துபோகும் வண்டிகளை யாராவது திரும்ப ஓட்டிக்கொண்டு வர வேண்டுமே. அந்த யாராவதுதான் அவள். ஒரு தோள்பையோடு பஸ் பிடித்து மலைக்கு அந்தப் பக்கம் போவாள். காலி வேனை ஓட்டிக்கொண்டு தனியாக வருவாள். ஊரே கடலில் தொடங்கி மலையில் முடித்த பயணத்தை, அக்கா மட்டும் மலையில் தொடங்கிக் கடலில் முடிக்கிறாள் என்பான் மெக்கானிக்.

அதற்கு முன்னால் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபோது அவள் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள், தம்பி இன்னும் ஷூ லேஸ் கட்டத் தெரியாத வயதில் இருந்தான். அவனைப் படிக்க வைக்க வேண்டும் என்பதற்காகவே ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவள் ஓட்டிய பஸ்ஸில், அவள் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துதான் அவன் பள்ளிக்கூடம் போய்வந்தான். அவளுக்கும் வரன்கள் வந்தன. தம்பி படிப்பு முடியட்டும் என்றாள், அவனுக்கு ஒரு வேலை கிடைக்கட்டும் என்றாள். அதன் பிறகு கேட்டுக்கொண்டு யாரும் வரவில்லை. அதைப் பற்றி அவள் பெரிதாகப் புலம்பியதும் கிடையாது.

தம்பி இப்போது கட்டட வரைபடம் போடும் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறான். மனைவி மருந்துக் கடையில் இருக்கிறாள், நல்ல பெண். ஒரே மகள், பால் பல் விழுந்து முளைக்கிற வயது. அக்கா மட்டும் டயர் கடை மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் பாப்பா மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அத்தை ரோட்டுக் கதை சொல்லு என்பாள். அவளும் சொல்வாள். மேகம் கண்ணாடியில் வந்து முட்டும் மலை உச்சி, காட்டுக்குள் இருக்கும் தவளைக் குட்டை, ஒரு வளைவு திரும்பினதும் பொசுக்கென்று கண்ணுக்கு முன்னால் விரியும் கடல், அந்தக் கடற்கரையில் கொட்டிக் கிடக்கும் வரிச் சிப்பிகள். பாப்பா வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். தம்பி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பான், ஆனாலும் காது இந்தப் பக்கம்தான் இருக்கும்.

சீசன் முடிகிற சமயத்தில் ஒருநாள் தம்பி போன் செய்தான். ஆபீஸ் வேலையாக வெளியூர் போவதாகவும், மனைவியும் குழந்தையும் மாமியார் வீட்டில் இருப்பார்கள் என்றும், அடுத்து வரும் ஞாயிறுகளில் வர வேண்டாம் என்றும் சொன்னான். சரிப்பா, ஒழுங்காகச் சாப்பிடு என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தாள். மதியத்துக்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல், துவைத்துக் காய்ந்த திரைச்சீலையையே மறுபடி துவைத்தாள்.

அதற்குப் பிறகு அவளை மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்கள். இந்த முறை ஆறு பேர் படுக்கும் பெரிய வேன். நேற்றுத்தான் ஒரு குடும்பம் கொண்டுவந்து விட்டது, நல்ல ஜனங்கள், சின்னப் பெண் ஒன்று ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தது என்று சொல்லிக் கிளையில் இருந்த ஆள் சாவியைக் கொடுத்தான். நல்ல ஜனங்கள்தான், ஆனால் கக்கூஸ் தொட்டியைக் கொட்டாமல் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வாடகைக்கு எடுத்தவர்களே கொட்டிக் கழுவித் தர வேண்டும் என்பது விதி. கிளைக்காரன் தோளைக் குலுக்கினான். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு தொட்டியை உருவினாள். போகத் தெரிகிறது, கொட்டத் தெரியவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே கழுவி முடித்தாள். தண்ணீர் நிரப்பி, கேஸைப் பார்த்து, டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள்.

மலை ஏறத் தொடங்கியதும் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. வண்டி இடது பக்கம் திரும்பினால் வலது பக்கம் ஏதோ உருண்டு போய் டக்கென்று முட்டும். வலது பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் வந்து முட்டும். மலைப்பாதை முழுக்க வளைவுதான். அந்த டக் டக் சத்தம் அவள் பொறுமையைச் சோதித்தது. உச்சியில் வண்டிகள் ஒதுங்கி நிற்கும் இடம் வந்ததும் ஓரங்கட்டி, உள்ளே போய் மண்டியிட்டு, பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள்.

கையில் வந்தது ஒரு குழந்தையின் நீச்சல் கண்ணாடி. பட்டை அறுந்து, நீல நைலான் நரம்பால் தைக்கப்பட்டிருந்தது. குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, கடைசியில் இரண்டு முடிச்சு. பஸ் ஓட்டிய காலத்தில் கிழிந்த சீட்டுகளை அப்படித்தான் தைப்பாள். போன மாதம் தம்பி வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அவளே போட்ட தையல் அது. நூல் கிடைக்காமல், தம்பியின் பழைய தூண்டில் நரம்பைத் தேடி எடுத்துத் தைத்தாள்.

கொஞ்ச நேரம் மண்டியிட்டபடியே இருந்தாள். யாருக்காவது கொடுத்திருப்பார்கள், எங்காவது தொலைத்திருப்பார்கள் என்று மனசு சப்பைக்கட்டுக் கட்டியது. பிறகு எழுந்து, முன்பக்கத்து இரட்டைப் படுக்கையில் கிடந்த தலையணையை எடுத்து முகர்ந்தாள். மூட்டுவலித் தைலம். தம்பியின் மாமியார் வந்து போனால் இரண்டு நாளைக்கு வீட்டை விட்டுப் போகாத அதே வாசனை. அடுப்புப் பக்கத்தில் பாதி மிச்சமிருந்த சர்க்கரைப் பாக்கெட்டின் வாயை மூன்று மடிப்பு மடித்துத் துணி கிளிப் மாட்டியிருந்தது. எறும்பு வரும்டா என்று சொல்லிச் சொல்லி அவள் பழக்கிய மடிப்பு. காலையில் கழுவிய கக்கூஸ் தொட்டியும் அவர்களுடையதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வெளியே வந்து நின்றாள். எதிரே மலை மலையாக அடுக்கிக்கொண்டு போனது, கடைசி அடுக்கில் பனி. ஒரு இளம் ஜோடி வந்து, எங்களை ஒரு போட்டோ எடுத்துத் தருகிறீர்களா என்று கேட்டது. எடுத்துக் கொடுத்தாள். பெரிய வண்டியாயிற்றே, உங்கள் வீட்டு ஆட்களையும் கூப்பிடுங்கள், எல்லாரையும் சேர்த்து எடுக்கிறேன் என்றாள் அந்தப் பெண் நல்ல மனசோடு.

"எல்லாரும் உள்ள தூங்கறாங்க," என்றாள் அவள்.

எதற்காக அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே புரியவில்லை. அந்தப் பெண் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, எழுப்ப வேண்டாம், பாவம் என்றாள். காதெல்லாம் சூடாகிப்போயிற்று அவளுக்கு. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தூங்குகிறவர்களுக்கு அலுங்காமல் ஓட்டுகிற மாதிரி மெதுவாக வண்டியை எடுத்தாள்.

இறக்கம் முழுக்க மனசு கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. மாமனார் மாமியார் முன்பக்கத்து இரட்டைப் படுக்கை. தம்பியும் மனைவியும் பின்னால். பாப்பா மேல்படுக்கை, அவளுக்கு ஏணி ஏறுவது பிடிக்கும். மேஜையை இறக்கி அதன் மேல் மெத்தை போட்டால் இன்னொரு படுக்கை. அதில் யாரும் படுக்கவில்லை. அந்த மெத்தையின் மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே இருந்தது. அவள் எப்போது வேன் ஓட்டிவந்தாலும் படுக்கையை விரிக்கவே மாட்டாள், கதவுப் பக்கத்து பெஞ்சிலேயே சுருண்டுகொள்வாள். இவ்வளவு பெரிய வண்டியில் எந்தப் படுக்கையில் படுத்தாலும் மற்றதெல்லாம் காலியாகத் தெரியும் என்பது ஒரு காரணம். விரிப்பைத் துவைக்க வேண்டி வரும் என்பதுதான் அவள் மற்றவர்களுக்குச் சொல்லும் காரணம்.

சாயங்காலம் காட்டுக்குள் இருக்கும் முகாமுக்கு வந்துசேர்ந்தாள். வேன்கள் நின்று தங்கிப் போவதற்கென்று மரங்களை ஒதுக்கி விட்ட இடம் அது. அதைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணிக்கு இவள் முகம் பழக்கம். வண்டியின் எண்ணைப் பார்த்ததும், இது இங்கே வந்துவிட்டுப் போன வண்டிதானே என்றாள். ஒரு சின்னப் பெண் வந்தது, வண்டியை விட்டு இறங்கினதும் இறங்காததுமாக ஓடி வந்து, எங்க அத்தை சொன்ன தவளைக் குட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டது என்று சொல்லிச் சிரித்தாள். குட்டை முகாமுக்குப் பின்னால், புதருக்கு அந்தப் பக்கம். அப்பாவும் மகளும் பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு சேற்றில் இறங்கி, இருட்டுகிற வரைக்கும் தவளையைத் தேடினார்களாம். அந்த அத்தை யாரோ தெரியவில்லை, குழந்தைக்கு அத்தை பெயரைச் சொன்னால் முகமெல்லாம் பூரிப்பு என்றாள்.

அந்த அத்தை நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று தெரியும். அப்படியா என்று மட்டும் கேட்டுக்கொண்டு, தண்ணீர்க் குழாய் பக்கம் போய்விட்டாள்.

அவளை ஒரு விஷயம் குடைந்தது. அந்தக் குட்டையை அவள் பார்த்ததே இல்லை. பெஞ்சில் படுத்துக்கொண்டு தவளைச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். மற்ற இடங்களும் அப்படியே. எல்லாம் ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து, கண்ணாடி வழியாகப் பார்த்தவை. குறித்த நாளில் வண்டி டிப்போவில் இருக்க வேண்டும் என்பதால் அவள் எங்கேயும் இறங்கியது கிடையாது. பாப்பாவுக்குச் சொல்லும்போது மட்டும் இறங்கிப் பார்த்த மாதிரி சொல்லிவிடுவாள்.

மறுநாள் காலையில் காடு முடிந்து, மரங்களுக்கு நடுவே கடல் கோடாகத் தெரிய ஆரம்பித்த இடத்தில் போனில் சிக்னல் வந்தது. வண்டியை நிறுத்தித் தம்பியைக் கூப்பிட்டாள். ஆபீஸில் இருந்தான்.

"எங்க இருக்க அக்கா?"

"காட்ட விட்டு வெளிய வந்துட்டேன். பாப்பாவோட நீச்சல் கண்ணாடி என்கிட்ட இருக்கு."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம், கதவு சாத்தும் சத்தம். ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் போகிறான் என்று புரிந்தது.

"அந்த வண்டியா உனக்கு வந்துச்சு?" என்றான் கடைசியில்.

"கக்கூஸ் தொட்டியக் கொட்டாமப் போயிருக்கீங்க."

"மாமா கொட்டறேன்னு சொன்னாரு. மறந்துட்டாரு போல."

பிறகு அவள் கேட்டாள், "என்னையும் கூப்பிட்டிருக்கலாமேடா."

"மாமா, மாமியார் எல்லாம் வந்தாங்க. இடம் பத்தாதுன்னு..."

"அது ஆறு பேர் வேன்டா."

அவன் மூச்சு விடுவது கேட்டது. சின்ன வயதில் பொய் மாட்டிக்கொண்டால் இப்படித்தான் மூச்சு விடுவான். அவள் காத்திருந்தாள்.

"நான் ஓட்டணும்னு ஆசப்பட்டேன் அக்கா," என்றான். "நீ வந்தா நீதான் ஓட்டுவ."

"உன்கிட்டயே குடுத்திருப்பேனே."

"குடுப்ப. குடுத்துட்டு பக்கத்துல உக்காந்து கியர மாத்து, வேகத்தக் குறைம்ப. எங்க நிக்கணும், எங்க சாப்பிடணும், எல்லாம் உனக்குத் தெரியும். நான் மறுபடியும் உன் சீட்டுக்குப் பின்னாடி உக்காந்த மாதிரிதான் இருக்கும். என் பொண்ணு முன்னாடி ஒரு தடவையாவது வழி தெரியாம முழிச்சு, நானே கண்டுபிடிச்சுப் போகணும்னு இருந்துச்சு."

"வழி தப்பிப் போனியா?"

"ரெண்டு தடவ."

"எங்க? பாலம் தாண்டி ரோடு ரெண்டாப் பிரியுமே, அங்கயா?"

கேள்வி வாயை விட்டுப் போன பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"சரி, அத விடு," என்றாள். "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ போயிட்டு வாங்கன்னுதான் சொல்லியிருப்ப. ஆனா மூஞ்சி வாடிப்போயிருக்கும். அதப் பாத்துட்டு என்னால கிளம்ப முடியாது அக்கா."

"ம்," என்றாள். "வைக்கறேன். ஓட்டணும்."

ஓட்டினாள். அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளுக்கு வலித்தது. திட்டித் தீர்க்கக்கூட வழியில்லாமல் செய்துவிட்டான். பாவி, இவ்வளவு காலம் இதை மனசில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாடு போட்டானா? இல்லை, இப்போதுதான் அவனுக்கே தெரிந்ததா? யோசித்துக்கொண்டே வந்ததில், பாப்பாவுக்கு நூறு முறை சொன்ன அந்த வளைவு வந்ததே தெரியவில்லை. கடல் கண்ணுக்கு முன்னால் விரிந்தது. எப்போதும் போல ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆக்சிலேட்டரை மிதிக்கப் போனவள், இண்டிகேட்டரைப் போட்டு ஓரத்தில் ஒதுக்கினாள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். மணல் அவள் நினைத்த மாதிரி வெள்ளையாக இல்லை, பழுப்பாக, கரகரவென்று இருந்தது. வரிச் சிப்பி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கூழாங்கல்தான், அதிலும் பாதி உடைந்தது. பாப்பா இங்கே வந்து சிப்பியைத் தேடியிருப்பாள். கிடைக்காமல் என்ன நினைத்திருப்பாள்? தண்ணீர் காலில் பட்டதும் சில்லென்று முழங்கால் வரை ஏறியது. வயதான தம்பதி ஒன்று நாயோடு தூரத்தில் நடந்து போனது. அவர்கள் மறைந்த பிறகு கரையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

வண்டிக்குத் திரும்பி வந்து, பின்கதவுகளைக் கடல் பக்கமாகத் திறந்துவைத்தாள். பின்னால் இருந்த பெரிய படுக்கையில் ஏறி நீட்டிப் படுத்தாள். நன்றாக அழுதுவிடலாம், கேட்க ஆளில்லை என்று நினைத்தாள். காத்துக்கொண்டு கிடந்தாள். அழுகை வரவில்லை, பசிதான் வந்தது. எழுந்து அடுப்பைப் பற்றவைத்து ஆம்லெட் போட்டு, மேஜையில் தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிட்டாள். எதிரே பெஞ்சு காலியாக இருந்தது. சாப்பிட்டு முடிக்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும் என்று பட்டது, அதனால் எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, மிச்சத்தைக் கடலைப் பார்த்துச் சாப்பிட்டாள்.

மேனேஜர் கூப்பிட்டு, வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டார். கடற்கரையில் என்றாள். ஏதாவது ரிப்பேரா என்றார். வண்டிக்கு ஒன்றும் இல்லை, நாளைக்குத்தான் வருவேன் என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. திட்டுவதற்கு வார்த்தை தேடிக் கிடைக்காமல், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறு தம்பியே காரில் வந்து, டயர் கடை வாசலில் நின்று ஹாரன் அடித்தான். போனாள். தம்பி மனைவி எதையும் நேராகப் பேசவில்லை, ஆனால் இவள் தட்டைக் காலியாக விடவே இல்லை, கண்ணையும் நிமிர்த்தவில்லை. பாப்பாவிடம் என்னவெல்லாம் சொல்லக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்களோ, சாப்பிடும் வரை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு எழுந்ததும் அணை உடைந்தது.

"அத்தை, அந்த பீச்சுல சிப்பியே இல்ல. நீ பொய் சொன்ன."

தம்பியும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆமா, நான் இறங்கிப் பாக்காமலே சொல்லிட்டேன்," என்றாள் அவள். "வேற என்ன இருந்துச்சு? நீ சொல்லு."

பாப்பா மடியில் ஏறிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். தாத்தாவின் தொப்பியைக் காற்று கொண்டுபோனது, அப்பா பாலத்துக்கு முன்னாலேயே வழி தப்பி ஒரு பன்றிப் பண்ணைக்குள் வண்டியை விட்டது, பாட்டி மலையில் வாந்தியெடுத்தது. இந்த முறை கேட்டுக்கொண்டிருந்தவள் அத்தை. எல்லாவற்றுக்கும் சிரித்தாள். பன்றிப் பண்ணைக்கு ரொம்பவே சிரித்தாள். அந்த வண்டிக்குள் தான் எங்கே இருந்திருப்போம் என்று நடுநடுவே தேடிக்கொண்டும் இருந்தாள். குழந்தை சொன்ன கதையில் ஒரு மூலைகூடக் காலியாக இல்லை.

சாயங்காலம் தம்பி அவளைக் காரில் கொண்டுவந்து விட்டான். பேச்சுவாக்கில் இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் நேராகப் போய்விட்டான். அவள் பார்த்தாள், நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினாள். கார் ஆற்றுப் பாலத்தைச் சுற்றி, சந்தை வழியாக, தெருத் தெருவாக நுழைந்து வந்தது. டயர் கடை முன்னால் இறங்கும்போது, அடுத்த லீவுக்கு நீயும் வா அக்கா என்றான். பார்க்கலாம்டா என்றாள். அவன் மறுபடி கேட்கவில்லை.

இப்போதும் அவள் அந்த வேலையில்தான் இருக்கிறாள். தம்பி வீட்டுக்கு எல்லா ஞாயிறும் போவதில்லை, மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு போகிறாள். மற்ற ஞாயிறுகள் அவளுக்கு இன்னும் நீளமாகத்தான் இருக்கின்றன. காலி வேனை ஓட்டி வரும்போது மனசுக்குத் தோன்றிய இடத்தில் நிறுத்தி இறங்கிவிடுகிறாள். போன தடவை ஒரு அருவிக்குக் கீழே நனைந்துவிட்டு வந்து, தலையைக்கூடத் துவட்டாமல் ஓட்டினாளாம். டிப்போவில் சீட் ஈரமாக இருப்பதைப் பார்த்து மெக்கானிக், மேல்கூரை ஒழுகுகிறதா அக்கா என்று கேட்டான். இல்லை, நான்தான் என்று சொல்லிவிட்டுச் சாவியை ஆணியில் மாட்டினாள்.